கவண்பொறியும் கணக்கேடும்



துலாக் கிணற்றில் நீர் இறைப்பதைக் கண்டவர்கள் உங்களுள் சிலர் இருக்கக்கூடும். காணாதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அதன் அமைப்பை விளக்கிச் சொல்வார்கள். நட்டுவைத்த காலின்மேல் நீண்ட மரம் ஒன்று குறுக்கே கிடக்கும். அதன் ஒரு முனையில் கயிறும் வாளியும் தொங்கும். மறுமுனையில் பாரமான கல் கட்டப்பட்டிருக்கும். நீர் நிறைந்த வாளி மேலே வரும்போது அக்கல் கீழே இறங்கி, இறைப்பவரின் உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும். இனி மற்றொரு கருவியையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தினைப்புனம் காத்தவர்கள் கிளிகளை ஓட்டுவதற்குக் கையாண்டதாகச் சங்க நூல்கள் கூறும் கவணே அது. இரு கயிறுகளுக்கு நடுவே கல்லை வைத்துச் சுழற்றி, தக்க தருணத்தில் ஒரு கயிற்றை விட்டுவிட்டால் கல் விர்ரென்று பறக்கும்.

துலாவின் கல்லைப் பன்மடங்கு பெரிதாக்கி, வாளி தொங்கும் முனையில் கவணைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? அதுவே மேல்நாட்டார் ‘ட்ரெபூஷே’ என்று பிரெஞ்சுப் பெயரால் அழைக்கும் எறிபொறி. நாம் இதைக் கவண்பொறி என்றே வழங்குவோம். ஒரு காலத்தில் கோட்டைகளை இடிக்கப் பயன்பட்ட இப்பொறியை இன்று மேல்நாடுகளில் மாணவர்களும் தச்சு வேலையில் ஆர்வமுள்ளவர்களும் தம் கைகளாலேயே செய்து, யாருடைய பொறி அதிகத் தொலைவு எறிகிறது என்று போட்டியிட்டு மகிழ்கிறார்கள். அப்பொறியை எங்ஙனம் அமைப்பது, எங்ஙனம் பதப்படுத்துவது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது யாது என்பவற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். கவண்பொறியின் முன்னோடி சீனாவில் தோன்றியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டளவிலேயே அங்கு அது வழக்கில் இருந்தது. அதில் எதிர் எடை இல்லை. துலாமரத்தின் குட்டை முனையில் பல கயிறுகளைக் கட்டி, ஆட்கள் கூடி ஒரே சமயத்தில் இழுப்பார்கள். ஆட்களுக்குப் பதிலாகப் பெரும் பாரத்தையே தொங்கவிடும் முறை, கி.பி. 12ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளர்ச்சியுற்றது. பல ஆட்கள் ஒரே மாதிரியாக இழுப்பது அரிது; ஆனால் ஒரு பாரம் எத்தனை முறை விழுந்தாலும் ஒரே மாதிரியாகவே விழும். இந்த மாறாத் தன்மைதான் கவண்பொறியின் உயிர்நிலை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

1304ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையை முற்றுகையிட்டார். ‘போர் ஓநாய்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, மாபெரும் கவண்பொறி ஒன்றை அங்கே கட்டுவித்தார். ஐந்து தலைமைத் தச்சர்களும் ஏறத்தாழ ஐம்பது பணியாளர்களும் அதற்காக உழைத்தனர். அதற்குள் கோட்டையிலிருந்தவர்கள் சரணடைய முன்வந்துவிட்டனர். மன்னரோ அதனை உடனே ஏற்கவில்லை. பொறியை ஒருமுறை இயக்கிப் பார்த்த பிறகே அவர்களை வெளியே வரவிட்டார். போர் முடிந்த பின்னும் கருவியின்மீது கொண்ட மோகம் முடியவில்லை! வலிமையைச் சேர்ப்பவனுக்கு அதனைச் செலவிட்டுப் பார்க்கும் ஆசை எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று. பின்னர் வெடிமருந்தும் பீரங்கியும் பரவின; கவண்பொறி மறைந்தது.

மறைந்த அப்பொறி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளையாட்டாக மறுபிறவி எடுத்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1986ஆம் ஆண்டில் பரங்கிக்காய் எறியும் போட்டியொன்று தொடங்கியது. பரங்கிக்காய் 8 முதல் 10 பவுண்டு வரை, அதாவது சுமார் மூன்றரை முதல் நாலரை கிலோகிராம் வரை எடையுள்ளதாக இருக்க வேண்டும். வெடிபொருள் எதனையும் பயன்படுத்தலாகாது. பரங்கிக்காய் தரையைத் தொடும்வரை உடையாமல் இருக்க வேண்டும். நடுவானில் சிதறினால் அந்த எறி கணக்கில் சேராது. காற்றழுத்தப் பீரங்கிகளுக்கு ஒரு பிரிவும், கவண்பொறிகளுக்கு ஒரு பிரிவும், சிறுவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் அங்கே இருந்தன. காய் உடையக்கூடாது என்ற அந்த ஒரு விதியில் எவ்வளவு நுட்பம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள்! முரட்டு விசையை ஒரே கணத்தில் செலுத்துபவன் காயைக் கூழாக்கி விடுவான். விசையைச் சீராக, சிறிது சிறிதாக மிகுத்துச் செலுத்துபவனே வெல்வான்.

இனிப் பொறியின் உறுப்புகளைக் காண்போம். உறுதியான தாங்குசட்டம் ஒன்று. அதன் உச்சியில் ஓர் அச்சு. அச்சின்மேல் ஆடும் துலாமரம். அச்சுக்கு ஒரு புறம் உள்ள பகுதி குட்டைக் கை. மறுபுறம் உள்ளது நெட்டைக் கை. குட்டைக் கையின் முனையில் எதிர் எடை தொங்குகிறது. நெட்டைக் கையின் முனையில் கவணின் ஒரு கயிறு நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மற்றொரு கயிற்றின் நுனியில் சிறு வளையம் ஒன்று உண்டு. அவ்வளையத்தை நெட்டைக் கையின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் வெறுமனே மாட்டியிருப்பார்கள். எறிபொருள் கவணின் பையில் அமர்ந்து, பொறியின் அடியில் உள்ள வழவழப்பான தடத்தில் கிடக்கும். தாழை நீக்கியதும் பாரம் விழுகிறது; நெட்டைக் கை மேலெழுகிறது; கவண் பின்தொடர்ந்து சுழல்கிறது. உரிய கோணம் வந்ததும் வளையம் கம்பியிலிருந்து தானே நழுவ, எறிபொருள் விடுதலை பெறுகிறது. கவண் எறிபவனின் விரல் செய்யும் வேலையை இங்கே அந்தச் சிறு கம்பி செய்கிறது.

இப்பொறியின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உயரத்தில் ஏற்றி நிறுத்திய பாரத்தில் நிலையாற்றல் சேர்ந்திருக்கிறது. அது விழும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. அதில் ஒரு சிறிதும் வீணாகாமல் முழுவதும் எறிபொருளையே சேர்கிறது என்றும், எறிபொருள் 45 பாகைக் கோணத்தில் புறப்படுகிறது என்றும், காற்றின் தடையே இல்லை என்றும் வைத்துக்கொண்டால், மிக அழகான ஒரு விடை கிடைக்கிறது. எதிர் எடை எறிபொருளைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் கண்டு, அதனைப் பாரம் விழும் உயரத்தால் பெருக்கி, மீண்டும் இரண்டால் பெருக்குங்கள். அதுவே வீச்சின் எல்லை.

உதாரணமாக, எதிர் எடை 10 கிலோகிராம். எறிபொருள் 100 கிராம். பாரம் விழும் உயரம் 60 செண்டிமீட்டர் என்று கொள்வோம். எடைகளின் விகிதம் 100. நூறை 0.6ஆல் பெருக்கினால் 60. இரண்டால் பெருக்கினால் 120. ஆகவே 120 மீட்டருக்கு மேல் இப்பொறி எறியவே இயலாது. உங்கள் பொறி 60 மீட்டர் எறிந்தால், அதன் திறமை பாதி. இந்தக் கணக்கில் புவியீர்ப்பின் அளவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஈர்ப்புக் குறைந்த சந்திரனுக்கே இப்பொறியைக் கொண்டுசென்றாலும், பாரம் மெதுவாக விழும். எறிபொருளும் மெதுவாகத் தரைக்கு வரும். இரண்டும் ஈடாகிவிடுவதால் வீச்சின் எல்லை மாறுவதில்லை.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன், “அப்படியானால் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே” என்று உங்களுக்குத் தோன்றும். முதன்முதலில் பொறி செய்பவர்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே போகிறார்கள். ஆனால் இயற்கை அதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. எவ்வளவு பெரிய பாரமும், தடையின்றி விழும் கல்லைவிட விரைவாக விழ முடியாது. ஆகவே துலாமரத்தின் வேகத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விகிதம் நூறைத் தாண்டிப் பெருகப் பெருக, கூட்டிய பாரத்துக்கு ஏற்ற பலன் கிடைப்பதில்லை. சட்டம் நெளிவதும் அச்சு வளைவதும்தான் மிச்சம். எனவே பாரத்தைக் கூட்டுவதற்குமுன், உள்ள ஆற்றல் எங்கே வீணாகிறது என்று ஆராய்வதே அறிவுடைமை.

அது வீணாகும் இடங்கள் பல. துலாமரத்தின் நெட்டைக் கை நுனிவரை ஒரே பருமனாக இருந்தால், அம்மரத்தைச் சுழற்றுவதிலேயே ஆற்றல் செலவாகிவிடும். அச்சிலிருந்து இருமடங்கு தொலைவில் உள்ள ஒரு துண்டு மரம், சுழற்சிக்கு நான்கு மடங்கு தடையாகிறது. ஆதலால் நுனியை நோக்கி மரத்தைச் செதுக்கி மெலிதாக்க வேண்டும். அச்சின் உராய்வைக் குறைக்க வேண்டும். எதிர் எடையை மரத்தோடு இறுகப் பிணைப்பதைவிட, கீல் வைத்துத் தொங்கவிடுவது நலம். அப்போது அது வளைந்து சுழலாமல் ஏறக்குறைய நேராகக் கீழே விழும். தாங்குசட்டத்துக்குச் சக்கரங்கள் பூட்டுவதும் இவ்வகையில் உதவும். பாரம் விழும்போது சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து, அதன் விழுச்சியை மேலும் நேராக்குகிறது.

ஆற்றல் நன்கு செலவாயிற்றா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வளையம் நழுவும் கணத்தில் பொறி எந்நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய கைப்பேசிகளில் வேகத்தைக் குறைத்துக் காட்டும் படம் எடுக்கும் வசதி இருப்பதால் இது கடினமன்று. நன்கு அமைந்த பொறியில், அக்கணத்தில் துலாமரம் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். எதிர் எடை தன் வழியின் அடியை அடைந்து, தன் வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, ஏறத்தாழ அசைவற்று நிற்கும். அவ்வாறன்றி, எறிந்த பின்னும் பாரம் வெறிகொண்டு ஊசலாடினால், எறிபொருளுக்குச் சேர வேண்டிய ஆற்றல் பாரத்திலேயே தங்கிவிட்டது என்பது பொருள்.

இப்போது பதப்படுத்தும் கலைக்கு வருவோம். தொடக்கத்துக்குச் சில பொது அளவுகள் உண்டு. நெட்டைக் கை குட்டைக் கையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கட்டும். கவணின் நீளம் நெட்டைக் கையின் நீளத்துக்கு நெருங்கியதாக இருக்கட்டும். எதிர் எடை எறிபொருளைப்போல் நூறு மடங்கு இருக்கட்டும். இவை தொடக்கமே அன்றி முடிவல்ல. முடிவை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று கவணின் நீளம். மற்றொன்று முனைக் கம்பியின் வளைவு.

கம்பி நேராக இருந்தால் வளையம் விரைவில் நழுவும்; எறிபொருள் உயரமாகச் சென்று அருகிலேயே விழும். கம்பியை முன்னோக்கி மிகுதியாக வளைத்தால் வளையம் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்; எறிபொருள் தாழ்ந்து பறந்து விரைவில் தரையில் மோதும். இடையில் எங்கோ ஒரு நல்ல வளைவு இருக்கிறது. வெற்றிடத்தில் 45 பாகையே மிகுதியான வீச்சைத் தரும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். ஆனால் நம் எறிபொருள் தரைமட்டத்திலன்றி உயரத்திலிருந்து புறப்படுகிறது. காற்றின் தடையும் இருக்கிறது. ஆகவே சிறந்த கோணம் 45 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே அமையும்.

விஞ்ஞான ஆசிரியர்கள் நமக்கு அடிக்கடி சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.” நல்ல அறிவுரைதான். ஆயினும் கவண்பொறியிடம் அது மட்டும் போதாது. ஏன் என்று பாருங்கள். ஒரு மாணவர் 70 செண்டிமீட்டர் கவணை வைத்துக்கொண்டு, கம்பியின் வளைவை மட்டும் மாற்றி மாற்றி எறிந்து பார்க்கிறார் என்று கொள்வோம். 30 பாகை வளைவில் 52 மீட்டர் கிடைக்கிறது. கூட்டினாலும் குறைத்தாலும் வீச்சு குறைகிறது. பிறகு கம்பியைத் தொடாமல் கவணை 80 செண்டிமீட்டராக நீட்டுகிறார். வீச்சு 45 மீட்டராகக் குறைகிறது. “நீளமான கவண் பயனற்றது” என்று முடிவுகட்டிப் பழைய அளவுக்கே திரும்புகிறார். அவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார். ஆயினும் தவறான முடிவுக்கு வந்தார்!

காரணம் யாது? நீண்ட கவண் மெதுவாகச் சுற்றி வருகிறது. ஆதலால் வளையம் தாமதமாக நழுவுகிறது. அத்தாமதத்தை ஈடுசெய்யக் கம்பியைச் சற்று நேராக்கியிருக்க வேண்டும். பொறுமையுள்ள மற்றொரு மாணவர், அதே 80 செண்டிமீட்டர் கவணுடன் வளைவை 20 பாகையாகக் குறைத்துப் பார்த்து, 58 மீட்டர் எறிகிறார். கவணின் நீளமும் கம்பியின் வளைவும் தனித்தனி அல்ல. வீணையில் தந்தியின் இறுக்கமும் மெட்டின் இடமும் சேர்ந்து சுரத்தைத் தருவதைப்போல, இவையிரண்டும் சேர்ந்தே வீச்சைத் தருகின்றன. எனவே ஒவ்வொரு கவண் நீளத்துக்கும் உரிய சிறந்த வளைவைத் தனியே கண்டறிந்து, அந்தச் சிறந்தவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். நான் சொன்ன எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. உங்கள் பொறிக்குரிய எண்களை உங்கள் பொறிதான் சொல்ல வேண்டும்.

அது சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு கணக்கேடு வேண்டும். ஒவ்வோர் அமைப்பிலும் ஐந்து முறையாவது எறியுங்கள். ஐந்தையும் எழுதுங்கள், பிடிக்காத எண்ணை விட்டுவிடாதீர்கள். ஓர் அமைப்பில் 51, 52, 53 என்று விழுகிறது. மற்றோர் அமைப்பில் 40, 52, 64 என்று விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 52தான். எனினும் இரண்டும் ஒன்றாகுமா? இரண்டாவதில் 64 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ச்சியடைவதே மனித இயல்பு. ஆனால் அந்த 64, பொறியின் சாதனையன்று. நம் கட்டுக்கு உட்படாத ஏதோ ஒன்று அங்கே விளையாடுகிறது என்பதற்கு அடையாளம். கவண்பையின் மடிப்பு ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? ஈரத்தில் கயிறு நீள்கிறதா? வளையம் துருவில் சிக்குகிறதா? அதனைத் தேடிப் பிடித்துச் சரிசெய்த பின்னரே மேற்கொண்டு பதப்படுத்த வேண்டும். பாரம் ஒரே மாதிரியாக விழும் என்பதே இப்பொறியின் சிறப்பு என்று முன்னர் சொன்னேன். அந்தச் சிறப்பை நம் கவனக்குறைவால் இழந்துவிடலாகாது.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக நடத்தப்படும் விஞ்ஞான ஒலிம்பியாடு போட்டிகளில், ‘கோட்டையைத் தாக்கு’ என்ற பெயரில் ஒரு பிரிவு நடந்ததுண்டு. விழும் பாரத்தால் மட்டுமே இயங்கும் பொறியை மாணவர்கள் செய்து கொண்டுவர வேண்டும். ஆனால் எதிர் எடையையும் எறிபொருளையும் போட்டி நடத்துபவர்களே அந்நேரத்தில் கொடுப்பார்கள். ஆகவே எந்தப் பாரத்துக்கு எவ்வளவு தொலைவு என்பதை முன்கூட்டியே பலமுறை எறிந்து பார்த்து, வரைபடங்களாகவும் அட்டவணைகளாகவும் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வரைபடங்களுக்கும் மதிப்பெண் உண்டு. பொறியைப்போலவே கணக்கேடும் போட்டியில் கலந்துகொள்கிறது! விஞ்ஞானக் கல்வியின் சாரத்தை அறிந்தவர்கள் வகுத்த விதி இது என்பதில் ஐயமில்லை.

இனி மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 60 மீட்டர் எறியும் சிறு பொறியிலிருந்து புறப்படும் எறிபொருளின் வேகம் நொடிக்குச் சுமார் 24 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர். இஃது ஒருவரின் கண்ணையோ தலையையோ தாக்கினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வளையம் மிக விரைவில் நழுவினால் எறிபொருள் முன்னே செல்லாது; செங்குத்தாக மேலே சென்று தலைமேல் விழும், அல்லது பின்னோக்கியே பறக்கும். ஆதலால் பொறிக்கு முன்னும் நிற்கலாகாது, பின்னும் நிற்கலாகாது. பக்கவாட்டில், போதிய தொலைவில் நின்று, நீண்ட கயிற்றால் தாழை இழுக்க வேண்டும். ஏற்றி நிறுத்திய பாரத்தின் கீழும், துலாமரம் சுழலும் பாதையிலும் ஒரு கணமும் கையையோ தலையையோ நீட்டலாகாது. திறந்த வெளியில், பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே எறிய வேண்டும். டெலவேரில் நடந்த பரங்கிக்காய்ப் போட்டியிலேயே 2016ஆம் ஆண்டில் காற்றழுத்தப் பீரங்கி ஒன்றின் பாகம் பெயர்ந்து பறந்து, ஒரு பெண்மணியைப் படுகாயப்படுத்தியது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் போட்டி நடைபெறவில்லை. 2019ஆம் ஆண்டில் இலினாய் மாநிலத்தில் நடந்தது. அங்கே கூடியிருந்தவர்கள் விளையாடத்தான் வந்தார்கள். ஆனால் சேர்த்துவைத்த ஆற்றலுக்கு விளையாட்டு எது, வினை எது என்று தெரியாது. அதனை அறிந்திருக்க வேண்டியவர் மனிதரே.

மாணவ நண்பர்களே, ஒரு கவண்பொறியைச் செய்வதற்குச் சில மரச் சட்டங்களும், ஓர் இரும்புக் கம்பியும், மணல் நிரப்பிய டப்பாவும், கொஞ்சம் கயிறும், ஒரு துண்டுத் துணியும் போதும். ஆனால் அதனை நன்றாக எறியச் செய்வதற்கு நேர்மையான ஒரு மனம் வேண்டும். 40 மீட்டர் என்று விழுந்ததை 40 என்றே எழுதும் மனம். தோல்விக்குக் காற்றையும் அதிர்ஷ்டத்தையும் குறைகூறாமல் வளையத்தையும் கயிற்றையும் சோதிக்கும் மனம். பாரத்தைக் கூட்டுவதற்குமுன் பொருத்தத்தைத் தேடும் மனம். ஸ்டெர்லிங் கோட்டையின்முன் நின்ற மன்னருக்கு வலிமை நிறைய இருந்தது. வலிமையை எப்போது அடக்குவது என்பதை அவர் அறியவில்லை. உங்கள் பொறி சிறியதாக இருக்கலாம். எறிவது வெறும் ரப்பர் பந்தாக இருக்கலாம். ஆயினும் அளந்தறிந்து செலுத்தும் ஆற்றலின் சுவையை அது உங்களுக்குக் கற்றுத்தரும். அச்சுவையை ஒருமுறை கண்டவர்கள் எந்தத் துறைக்குச் சென்றாலும், கையில் ஒரு கணக்கேட்டுடனேயே செல்வார்கள்.